நடு வரப்பில் நின்றுபோகும் மெஷின்... திருகாணியைத் தொடும் முன் பெட்ரோல் வரும் வழியைப் பாருங்க!

மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறப்பது வழக்கம். ஆனால், எல்லா வருடமும் அப்படி நடப்பதில்லை. 2022-ல் மே 24-ம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்ணீர் எப்போது வந்தாலும் அதற்கு முன்பே தஞ்சாவூர் மாவட்ட விவசாயிகள் முடித்தாக வேண்டிய வேலை ஒன்று உண்டு. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் மண்டிக்கிடக்கும் புல்லை வெட்டுவதுதான் அது.

ஒரு காலத்தில் அரிவாளும் மண்வெட்டியும் செய்த வேலை. இப்போது ஆள் கிடைப்பதில்லை. அதனால் பாபநாசம், ஒரத்தநாடு, திருவையாறு என்று எந்தப் பக்கம் போனாலும் தோளில் மாட்டிக்கொண்டு ஓட்டும் பிரஷ் கட்டர் சத்தம்தான். சொந்தமாக வாங்கியவர்களும் உண்டு. மெஷினோடு வந்து மணிக்கணக்கில் கூலி பேசி வெட்டிக் கொடுக்கும் இளைஞர்களும் உண்டு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சம்பா அறுவடை முடிந்து கொட்டகை மூலையில் சாத்தி வைத்த மெஷினை மூன்று, நான்கு மாதம் கழித்து வெளியே எடுக்கும்போதுதான். கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். இரண்டு நிமிடம் ஓடும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் "ம்ம்ம்..." என்று முனகிவிட்டு நின்றுபோகும். மறுபடி இழுத்தால் மறுபடி அதே கதை. கை ஓய்ந்துபோன பிறகு யாராவது ஒருவர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து கார்புரேட்டரில் இருக்கும் திருகாணியை இப்படியும் அப்படியும் திருப்புவார். பெரும்பாலும் செலவு தொடங்குவது அங்கேதான்.

இப்படி நிற்கும் மெஷின்கள் பலவற்றில் இன்ஜின் நன்றாகவே இருக்கும். டேங்கில் இருக்கும் பெட்ரோல் இன்ஜினுக்குப் போய்ச் சேரும் வழியில்தான் எங்கேயோ தடை இருக்கும். அந்த வழி ஒரு முழம்கூட இருக்காது. அதை வரிசையாகப் பார்க்கத் தெரிந்தால், பாதி பிரச்னையை வரப்பிலேயே உட்கார்ந்து சரிசெய்துவிடலாம்.

பெட்ரோல் எப்படிப் போகிறது?

பிரஷ் கட்டர் டேங்கின் மூடியில் சின்னதாக ஒரு காற்று வழி இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வரும். உள்ளே இருக்கும் பெட்ரோல் வெளியே சிந்தாது. அந்த மாதிரி ஒருவழி வால்வு அது.

டேங்குக்குள் ஒரு மெல்லிய டியூப் தொங்கும். அதன் நுனியில் கனமான குண்டு போல ஒரு ஃபில்டர். மெஷினை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தக் குண்டு பள்ளத்தை நோக்கி உருளும். பெட்ரோல் எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே போய் உறிஞ்சும்.

டியூப் வழியாகப் பெட்ரோல் கார்புரேட்டருக்கு வருகிறது. பைக் கார்புரேட்டருக்குள் மிதவை இருக்கும். அதைச் சாய்த்தால் பெட்ரோல் அளவு தப்பிவிடும். பிரஷ் கட்டரை இடுப்பை வளைத்து, சரிவில் நின்று, எப்படி வேண்டுமானாலும் பிடிக்க வேண்டியிருப்பதால் அதில் மிதவை கிடையாது. அதற்குப் பதிலாக டயாஃப்ரம் என்னும் மெல்லிய தகடுகள் இரண்டு இருக்கின்றன. தோல் போல வளைந்துகொடுக்கும் தகடுகள் இவை.

முதல் டயாஃப்ரம் ஒரு குட்டிப் பம்ப். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது இன்ஜின் அடிப்பகுதியில் அழுத்தம் ஏறி இறங்கும். அந்தத் துடிப்பு ஒரு சின்னத் துளை வழியாக வந்து டயாஃப்ரத்தை ஆட்டும். அந்த ஆட்டத்தில்தான் பெட்ரோல் டேங்கிலிருந்து இழுக்கப்படுகிறது. இரண்டாவது டயாஃப்ரம் ஒரு காவலாளி. இன்ஜின் கேட்கும் அளவுக்கு மட்டும் ஊசி வால்வைத் திறந்து மூடும்.

தென்னை மரம் அறுக்கும் செயின் சாவிலும் இதே ஏற்பாடுதான். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் லட்சக்கணக்கில் தென்னைகள் சாய்ந்தன. விழுந்த மரத்தை மேலிருந்தும் பக்கவாட்டிலும் அறுக்க முடிந்தது என்றால், எந்தக் கோணத்திலும் பெட்ரோல் கொடுக்கும் இந்தக் கார்புரேட்டரும் அதற்கு ஒரு காரணம்.

வரப்பில் ஒன்று... ஏரியில் ஒன்று!

இதே வகை இன்ஜின் இன்னோர் இடத்திலும் ஓடுகிறது. ரிமோட்டில் இயங்கும் பெட்ரோல் மாதிரிப் படகுகளில்!

குழந்தைகள் தொட்டியில் விடும் பொம்மைப் படகு என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவு பெரியவை. ஏரியில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாயும். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்று பல நாடுகளில் இவற்றுக்குப் பந்தயமே நடக்கிறது. ஜப்பானின் ஸெனோவா நிறுவனம் பிரஷ் கட்டர், செயின் சாவோடு, மாதிரிப் படகுகளுக்கென 26 சி.சி. வகை இன்ஜினையும் தயாரித்தது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடிக் குளிரவைக்கும் ஏற்பாடு மட்டும் படகு இன்ஜினில் கூடுதல். கார்புரேட்டர் அதே டயாஃப்ரம் வகைதான். அமெரிக்காவின் வால்ப்ரோ நிறுவனக் கார்புரேட்டர்களை வயல் மெஷின்களிலும் பார்க்கலாம், பந்தயப் படகுகளிலும் பார்க்கலாம்.

படகுக்காரர்களின் தலைவலியும் அதேதான். வேகமாகத் திரும்பும்போது டேங்கிலிருக்கும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும். குண்டு ஃபில்டர் அந்த வேகத்துக்கு நகராவிட்டால் பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். அலையில் படகு குதிக்கும்போது பெட்ரோல் நுரைக்கும். அந்தக் குமிழிகள் டியூபில் ஏறினாலும் இன்ஜின் திணறும். அதனால் டேங்குக்குள் இருக்கும் டியூபின் நீளத்தைக்கூட அளந்து வெட்டுகிறார்கள். குண்டு டேங்கின் பின்சுவர்வரை போக வேண்டும், ஆனால் சுவரில் ஒட்டிக்கொள்ளவோ மடங்கவோ கூடாது.

நடு ஏரியில் படகு நின்றுபோனால் யாராவது தண்ணீரில் இறங்கித்தான் எடுத்துவர வேண்டும். ஆகவே, கரையிலேயே மூடி, ஃபில்டர், டியூப், கார்புரேட்டர் என்று வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் படகை இறக்குகிறார்கள். திருகாணி கடைசியில்தான். அந்த வரிசை நம் வரப்புக்கும் அப்படியே பொருந்தும்.

முதல் கேள்வி: பிளக் ஈரமா, காய்ந்ததா?

மெஷின் ஸ்டார்ட் ஆகவே இல்லையா? சோக்கைப் போட்டு ஐந்தாறு முறை கயிற்றை இழுங்கள். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள்.

நுனி ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் பெட்ரோல் வந்து சேர்கிறது என்று அர்த்தம். அப்படியானால் பார்க்க வேண்டியது பிளக், தீப்பொறி, அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர் ஆகியவற்றைத்தான். நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் வழியில் எங்கேயோ நிற்கிறது. கீழே சொல்லும் ஐந்து இடங்களை வரிசையாகப் பார்க்க வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை. சுற்றிலும் பெட்ரோல் சிந்தியிருக்கும்போது பிளக்கை வெளியே வைத்துத் தீப்பொறி பார்க்கக் கூடாது. கை சுட்டுக்கொள்ளாமல் இருக்க, இன்ஜின் ஆறிய பிறகுதான் எதையும் கழற்ற வேண்டும்.

1. பெட்ரோல் பழசா?

டேங்கில் இருப்பதைக் கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, நிழலில் பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம். தண்ணீர் இருந்தால் அடியில் தனி அடுக்காகத் தெரியும். புளித்த வார்னிஷ் போல வாடை அடித்தாலோ, நிறம் கறுத்திருந்தாலோ அந்தப் பெட்ரோலை நம்ப வேண்டாம். ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதே பல கம்பெனிகளின் அறிவுரை.

2. மூடியில் காற்று வருகிறதா?

நன்றாக ஸ்டார்ட் ஆகி, பத்து நிமிடம் ஒழுங்காக ஓடி, பிறகு மெள்ள மெள்ளத் திணறி நிற்கிறதா? கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறதா? சந்தேகம் முதலில் மூடிமேல்தான் வர வேண்டும். காற்று உள்ளே வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வெளியே வர மறுக்கும்.

இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு மூடியை மெதுவாகத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. சேறும் புல் தூசும் அடைத்திருக்கும். துடைத்துச் சுத்தம் செய்தால் போதும். வால்வு கெட்டியாகிவிட்டிருந்தால் மூடியை மாற்ற வேண்டும். ஆணியால் மூடியில் ஓட்டை போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம். மெஷினைச் சாய்க்கும்போது சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சிந்தினால் தீப்பிடிக்கும்.

3. குண்டு ஃபில்டர் அடைத்திருக்கிறதா?

மெதுவான ஓட்டத்தில் சரியாக இருந்து, முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் மட்டும் இழுவை இல்லாமல் நின்றால் ஃபில்டரைப் பாருங்கள். நுனி வளைத்த மெல்லிய கம்பியால் டியூபைக் கொக்கி போட்டு டேங்க் வாய்வரை இழுக்கலாம். வெள்ளையாக இருக்க வேண்டிய ஃபில்டர் பழுப்பேறிப்போயிருந்தால் மாற்றிவிடுங்கள். விலை அதிகமில்லாத பொருள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது வம்பை விலைகொடுத்து வாங்குவது போல. தூசு நேராகக் கார்புரேட்டருக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

பெட்ரோல் பட்ட ஃபில்டரையோ டியூபையோ வாயால் ஊதுவதும் உறிஞ்சுவதும் கூடாது.

4. டியூபில் வெடிப்பு உண்டா?

டேங்கின் துளை வழியாக டியூப் வெளியே வரும் இடத்திலும், கார்புரேட்டரில் மாட்டும் முனையிலும்தான் முதலில் வெடிப்பு விழும். பார்வைக்குத் தெரியாது. விரலால் லேசாக வளைத்தால் தெரியும். புது டியூப் ரப்பர் பேண்ட் போல நெளியும். பழசு காய்ந்த வைக்கோல் போல விறைத்திருக்கும்.

இன்னொரு சோதனை எளிது. கார்புரேட்டரில் இருக்கும் கண்ணாடி போன்ற ரப்பர் குமிழை எட்டு, பத்து முறை அழுத்துங்கள். முதலில் காற்றுக் குமிழிகள் வரும். பிறகு பெட்ரோல் மட்டும் நிரம்ப வேண்டும். எத்தனை முறை அழுத்தினாலும் குமிழி வந்துகொண்டே இருந்தால், டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கிறது அல்லது வழியில் எங்கேயோ காற்று புகுகிறது. அந்த ரப்பர் குமிழே வெடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

5. டயாஃப்ரம் விறைத்துவிட்டதா?

மேலே சொன்ன நான்கும் சரியாக இருந்தால்தான் கார்புரேட்டரைத் திறக்க வேண்டும். உள்ளே பெட்ரோல் நுழையும் இடத்தில் நகக்கண் அளவில் ஒரு வலை இருக்கும். அது அடைத்திருக்கலாம். டயாஃப்ரம் பழைய பிளாஸ்டிக் உறை போல மொடமொட என்று ஆகியிருக்கலாம். விறைத்த டயாஃப்ரம் ஊசி வால்வைத் தூக்காது. பெட்ரோல் பட்டினிதான்.

டயாஃப்ரம், கேஸ்கெட், ஊசி எல்லாம் சேர்ந்த 'கார்புரேட்டர் கிட்' மெஷின் மாடல் சொன்னால் ஸ்பேர் கடையில் கிடைக்கும். திறக்கும்போது எது மேலே, எது கீழே என்று மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டே போனால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது. கேஸ்கெட்டும் டயாஃப்ரமும் வரிசை மாறினால் மெஷின் ஓடாது.

கார்புரேட்டரை இன்ஜினோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் அதிர்வில் லூஸ் ஆகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். லூஸ் ஆகிவிட்டால் பம்பை ஆட்டும் துடிப்பு பலவீனமாகும். அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்றும் புகுந்துவிடும்.

திருகாணி ஏன் கடைசி?

எங்கேயோ காற்று கசிகிறது, மெஷின் திணறுகிறது என்று வைத்துக்கொள்வோம். திருகாணியைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டினால் கொஞ்ச நேரம் ஓடத்தான் செய்யும். கசிவு பெரிதாகும்போது மறுபடி திணறும். இந்த முறை சேதம் உள்ளே நடக்கும்.

இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் தனியாக ஊற்றுவதில்லை. பெட்ரோலில் கலந்த 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் வழுவழுப்பு. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்து குறைகிறது. சூடு ஏறுகிறது. பிஸ்டன் உராய்ந்து கோடு விழுந்து, கடைசியில் சிலிண்டரில் பிடித்துக்கொள்கிறது. சில ரூபாய் டியூபில் முடிய வேண்டியது, ஆயிரக்கணக்கில் இழுத்துவிடும்.

இது வரும் முன்பு மெஷின் சத்தம் கொடுக்கும். வழக்கமான உறுமல் மாறி, திடீரென்று கீச்சென்று உச்சத்துக்குப் போனால், "ஆஹா, இப்போ நல்லா இழுக்குது" என்று சந்தோஷப்படக் கூடாது. உடனே ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு நிறுத்த வேண்டும். பந்தயப் படகுக்காரர்களும் கரையில் நின்றபடி இந்தச் சத்தத்தைத்தான் காதால் கவனிப்பார்கள்.

பிளக்கும் கதை சொல்லும். நுனி காபித்தூள் நிறத்தில் இருந்தால் நலம். வெளுத்து வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. கறுத்து எண்ணெய்ப்பிசுக்காக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம்.

ஆயில் அளவில் ஊகம் வேண்டாம்

50-க்கு 1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. ஆயில். 40-க்கு 1 என்றால் 25 மி.லி. 25-க்கு 1 என்றால் 40 மி.லி. எது சரி என்பதை உங்கள் மெஷினோடு வந்த புத்தகமும் ஆயில் டப்பாவும் சொல்லும். பாட்டில் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவதைவிட, மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். ஆயிலைத் தனி கேனில் பெட்ரோலோடு கலந்து குலுக்கிய பிறகுதான் டேங்கில் ஊற்ற வேண்டும்.

நான்கு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர்களும் இப்போது நிறைய வந்துவிட்டன. ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 இன்ஜின் அந்த வகைதான். அவற்றுக்குப் பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது. ஆயிலுக்குத் தனி இடம் இருக்கும். பக்கத்து வயல்காரர் கேனை இரவல் வாங்கி ஊற்றும் முன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எத்தனால் பெட்ரோல்... என்ன செய்வது?

பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2022 ஜூனில் நாடு முழுவதும் சராசரியாக 10 சதவிகிதத்தை எட்டியது. 20 சதவிகிதம் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் அறிமுகமானது. 2025-ல் 20 சதவிகித இலக்கையும் எட்டிவிட்டதாக மத்திய அரசு சொன்னது. இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான்.

தினமும் ஓடும் பைக்கில் பெட்ரோல் சீக்கிரம் தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் வயல் மெஷின் கதை வேறு. எத்தனாலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூடி சரியாக இல்லாத கேனில் ஈரம் சேர்ந்துகொண்டே போனால், ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். 2டி ஆயிலோ மேலே இருக்கும் பெட்ரோலோடு நின்றுவிடும்.

இப்போது அந்தக் குண்டு ஃபில்டர் எங்கே கிடக்கிறது? அடியில்! ஆயில் இல்லாத அந்த அடி அடுக்கைத்தான் இன்ஜின் முதலில் உறிஞ்சும். மெஷின் ஓடாவிட்டால் அதிர்ஷ்டம். ஓடினால் பிஸ்டனுக்கு ஆபத்து. பழைய ரப்பர் டியூபும் டயாஃப்ரமும் எத்தனாலில் சீக்கிரம் விறைப்பதும் உண்டு. எத்தனை சதவிகிதம் எத்தனால் வரை தாங்கும் என்று உங்கள் மெஷின் புத்தகத்தில் இருக்கும். புது டியூப் வாங்கும்போது எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் கலக்குவதும், கேனை இறுக்கி மூடி நிழலில் வைப்பதும் பாதித் தொல்லையைத் தீர்க்கும். பிரிந்துபோன பெட்ரோலை வாய்க்காலில் கொட்ட வேண்டாம். அந்தத் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகிறது. மெஷின் பட்டறையில் கொடுத்தால், தனியே சேர்த்து அப்புறப்படுத்தச் சொல்லலாம்.

கடலுக்குப் போகும் இன்ஜினுக்கும் இதே பாடம்

தஞ்சாவூர் மாவட்டம் என்றால் வயல் மட்டும்தானா? அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று கடற்கரையும் உண்டு. படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினுக்குத் தனி டேங்க், அதன் மூடியில் காற்றுத் திருகு, டியூபின் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் பல்பு இருக்கும். காற்றுத் திருகைத் திறக்க மறந்தால், வரப்பில் நிற்கும் பிரஷ் கட்டர் போலவே இன்ஜினும் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். பல்பை அமுக்க அமுக்க இறுகாமல் தொளதொளவென்றே இருந்தால் எங்கேயோ காற்று புகுகிறது. எரிபொருளில் தண்ணீர் சேர்ந்தாலும் அதே திணறல்தான். வரப்பில் நின்றால் அரை நாள் கூலி போகும். கடலில் நின்றால் உயிர்ப் பயம். கரையிலேயே ஐந்து நிமிடம் செலவழித்துப் பார்த்துவிடுவது எவ்வளவோ மேல்.

சீசன் முடிந்ததும் செய்ய வேண்டியது

தை, மாசியில் அறுவடை முடிந்து மெஷினை ஓரங்கட்டும்போது டேங்கை முழுவதும் காலி செய்யுங்கள். காலி டேங்கோடு ஸ்டார்ட் செய்து, கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை மெதுவான ஓட்டத்தில் விடுங்கள். ரப்பர் குமிழை நாலு முறை அழுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்து அதையும் தீர்த்துவிடுங்கள். ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சில சொட்டு 2டி ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்து, பிளக்கை மாட்டிவிடுங்கள். எலி கடிக்காத, மழை படாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

மெஷினோடு ஒரு சின்னப் பை இருக்கட்டும். பிளக் ஸ்பேனர், மாற்று பிளக் ஒன்று, ஃபில்டர் ஒன்று, ஒரு சாண் டியூப், நுனி வளைத்த கம்பி, பழைய துணி. இவ்வளவு போதும்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா?

தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் பெட்ரோல் வைக்கும் பழக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். 2டி ஆயில் கலந்த பெட்ரோல் நீலமாகவோ பச்சையாகவோ தெரியும். குழந்தைகளின் கண்ணுக்கு அது கலர் சோடாதான். பெட்ரோலுக்கென்று இருக்கும் கேனில் ஊற்றி, மேலே எழுதி ஒட்டி, அடுப்பங்கரைக்குத் தள்ளி, எட்டாத உயரத்தில் வையுங்கள். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பெட்ரோல் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-க்கு போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் மெஷினிலோ, சூடு ஆறாத மெஷினிலோ பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் செய்யாமல் நாலு எட்டு தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வரவே கூடாது.

ஆற்றில் தண்ணீர் வருகிற தேதி நம் கையில் இல்லை. வருகிற அன்றைக்கு மெஷின் தயாராக இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த முறை வரப்பில் மெஷின் நின்றால் ஸ்க்ரூ டிரைவரைத் தேட வேண்டாம். முதலில் அந்த மூடியைத் திறந்து, "உஸ்" சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.

*அடுத்த வாரம்: டீசல் பம்ப்செட்டில் 'ஏர் லாக்' எடுப்பது எப்படி?*